மீந்த விதையை மறுபடியும் விதைக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்ற பருவத்தில் விதைத்தது போக மீந்த விதை வீட்டில் இருக்கிறது. அதை இந்தப் பருவத்தில் விதைக்கலாமா?

பெரும்பாலான பயிர்களில் விதைக்கலாம். ஆனால் அந்த விதையைச் சோதித்துப் பார்த்த பிறகே அப்படி முடிவு செய்ய வேண்டும். விதையின் வயதை மட்டும் வைத்துக்கொண்டு "நல்லது" என்றோ "கெட்டது" என்றோ சொல்லிவிட முடியாது. ஒரே நாளில் அறுவடையாகி ஒரே குவியலிலிருந்து பிரிக்கப்பட்ட இரண்டு மூட்டைகளில், நன்கு உலர்த்திக் காற்றுப் புகாமல் வைக்கப்பட்டது மூன்றாம் ஆண்டிலும் செழிப்பாக முளைக்கலாம். ஈரக்கசிவுள்ள சுவரோரம் கிடந்தது ஒரே மழைக்காலத்தில் செத்துப்போகலாம். ஆகவே விதை எத்தனை வயதானது என்று கேட்பதற்கு முன், அது எப்படி உலர்த்தப்பட்டது, எங்கே வைக்கப்பட்டிருந்தது, இப்போது எத்தனை முளைக்கிறது என்று கேட்பதே பயனுள்ளது.

அப்படியானாலும் பயிருக்குப் பயிர் ஒரு பொதுக் கணக்கு இருக்குமே?

இருக்கிறது. சாதாரண அறையில் ஓரளவு கவனத்துடன் வைக்கப்பட்ட விதைக்கு அது பொருந்தும். வெங்காய விதை மிகக் குறுகிய ஆயுள் உடையது. ஓராண்டைத் தாண்டினாலே ஐயத்துடன்தான் அதை அணுக வேண்டும். சோயா மொச்சையும் உடைத்தெடுத்த நிலக்கடலைப் பருப்பும் வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில் ஒரு பருவம் தாங்குவதே பெரிது. நிலக்கடலையை ஓட்டோடு வைத்திருந்தால் பருப்பாக வைப்பதைவிடக் கூடுதல் காலம் தாங்கும். மிளகாய், வெண்டை, மக்காச்சோளம் ஆகியவற்றுக்கு இரண்டு ஆண்டுகள் வரை நம்பிக்கை வைக்கலாம். நெல், கோதுமை, சோளம் போன்ற தானியங்கள் நன்கு காய்ந்திருந்தால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத் தாங்கும். தக்காளி, கத்தரி, வெள்ளரி, பூசணி இனங்கள் நான்கைந்து ஆண்டுகள் கடந்தும் முளைப்பது வியப்பன்று.

இந்த எண்களை எந்த விதையை முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பதற்கான வரிசையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் இவற்றில் பாதியைக்கூட எதிர்பார்க்க முடியாது.

உலர்ந்து கிடக்கும் விதை ஏன் சாகிறது?

உலர்ந்த விதை உயிரற்ற பொருள் அன்று. அதற்குள் கரு மிக மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. காலம் செல்லச் செல்ல அதன் உயிரணுச் சவ்வுகளில் உள்ள கொழுப்புகள் உயிர்வளியுடன் சேர்ந்து சிதைகின்றன, நொதிகள் வலுவிழக்கின்றன, மரபுப் பொருளில் சிறு முறிவுகள் சேருகின்றன. விதை நனையும்போது இந்தச் சேதங்களைச் சரிசெய்துகொண்டுதான் முளைவேரை வெளியே தள்ள வேண்டும். சேதம் சரிசெய்யக்கூடிய அளவைத் தாண்டிவிட்டால் விதை ஊறி உப்புமே தவிர முளைக்காது. எண்ணெய் வித்துகள் விரைவில் கெடுவதற்கு அவற்றில் மிகுந்துள்ள கொழுப்பு ஒரு முக்கியக் காரணம்.

சிதைவின் வேகத்தைத் தீர்மானிப்பவை ஈரமும் வெப்பமும். விதைச் சேமிப்பு ஆய்வாளர் ஹாரிங்டன் வகுத்த நடைமுறை விதி இன்றும் பயன்பாட்டில் உள்ளது: விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறையும் ஒவ்வொரு முறையும் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும், சேமிப்பிடத்தின் வெப்பம் ஐந்து டிகிரி செல்சியஸ் குறையும் ஒவ்வொரு முறையும் அதேபோல் இரு மடங்காகும். ஈரப்பதம் 5 முதல் 14 சதவீதத்துக்குள் இருக்கும்போதே முதல் பகுதி பொருந்தும். இந்தக் கணக்கின்படி 13 சதவீத ஈரத்தில் இருக்கும் விதையை 10 சதவீதத்துக்கு உலர்த்தினால் ஆயுள் எட்டு மடங்காகிறது. கூடவே 30 டிகிரி அறையிலிருந்து 20 டிகிரி அறைக்கு மாற்றினால் முப்பத்திரண்டு மடங்காகிறது. இது துல்லியமான சூத்திரம் அன்று. ஆனாலும் விதை உலர்த்துவதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறார்கள் என்பதை இதைவிடச் சுருக்கமாக விளக்கிவிட முடியாது.

பார்த்தோ மோந்தோ நீரில் மிதக்கவிட்டோ கண்டறிய முடியாதா?

முற்றிலும் கெட்ட விதையைக் கண்டறியலாம். பூஞ்சணம் படிந்திருத்தல், புழுங்கிய வாடை, எண்ணெய் வித்துகளில் சிக்கு நாற்றம், நிறம் மங்கிக் கருத்தல், துளைகள் ஆகியவை தெளிவான எச்சரிக்கைகள். ஆனால் இவை எதுவும் இல்லாமல் பளபளப்பாக இருக்கும் விதை உயிரோடு இருக்கிறது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

நீரில் மூழ்கும் விதை நல்லது, மிதப்பது கெட்டது என்ற நம்பிக்கையில் பாதிதான் உண்மை. உப்புக் கரைசலில் நெல் விதையைப் போட்டால் பதரும் அரைகுறையாக முற்றிய மணிகளும் மிதக்கும். அவற்றை நீக்குவது நல்ல பழக்கமே. ஆனால் இந்தச் சோதனை பிரித்துக் காட்டுவது எடையைத்தான். நிறைவாக முற்றிப் பின்னர் செத்துப்போன மணியும் கல்லைப் போல மூழ்கும். தக்காளி, மிளகாய் போன்ற இலேசான விதைகளில் நல்லவையே மேற்பரப்பில் நின்றுவிடுவதும் உண்டு. மீந்த விதையின் உயிரை அறிய இதை நம்ப வேண்டாம்.

வீட்டிலேயே முளைப்புச் சோதனை செய்வது எப்படி?

சோதனையின் மதிப்பு மாதிரி எடுப்பதில்தான் இருக்கிறது. மூட்டையின் மேற்பகுதியிலிருந்து ஒரு கை அள்ளிச் சோதித்தால் அந்த ஒரு கை விதையைப் பற்றித்தான் தெரியும். மேல், நடு, அடி, ஓரம் என்று பல இடங்களிலிருந்து சிறிது சிறிதாக எடுத்துக் கலந்து, அந்தக் கலவையிலிருந்து நூறு விதைகளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதுபோல் எண்ணி எடுங்கள். நல்ல விதையாகப் பொறுக்கி எடுக்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அதற்கு இடம் கொடுத்தால் சோதனையே வீண். வெவ்வேறு ஆண்டு விதைகளையும் வெவ்வேறு மூட்டைகளையும் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

நூறு விதைகளையும் இருபத்தைந்து வீதம் நான்கு பங்காக்குங்கள். தடித்த காகிதத்தையோ பருத்தித் துணியையோ நனைத்து, பிழிந்தால் நீர் சொட்டாத அளவுக்கு ஈரமாக வைத்துக்கொண்டு, விதைகள் ஒன்றையொன்று தொடாதபடி பரப்பிச் சுருட்டி, நெகிழிப் பையில் தளர்வாக நிற்க வையுங்கள். நீர் தேங்கினால் விதை மூச்சுத் திணறி அழுகும். புதிதாகச் செய்பவர்களின் சோதனை பெரும்பாலும் இதனால்தான் தவறிப்போகிறது. பெரும்பாலான வெப்பநிலப் பயிர்களுக்கு 25 முதல் 30 டிகிரி ஏற்றது. வெங்காயம் போன்ற குளிர்ப்பருவப் பயிர்களுக்கு 20 டிகிரி அளவு வேண்டும். வெக்கையில் வைத்துவிட்டு முளைக்கவில்லை என்று முடிவு கட்டுவது தவறு.

இறுதியாக எண்ணும் நாள் பயிருக்குப் பயிர் மாறும். பன்னாட்டு விதைச் சோதனைச் சங்கத்தின் விதிகளின்படி எள்ளுக்கு 6 நாள், மக்காச்சோளத்துக்கும் கம்புக்கும் 7 நாள், தட்டைப்பயறுக்கும் கோதுமைக்கும் 8 நாள், நிலக்கடலைக்கும் சோளத்துக்கும் 10 நாள், வெங்காயத்துக்கு 12 நாள், நெல், தக்காளி, மிளகாய் ஆகியவற்றுக்கு 14 நாள், வெண்டைக்கு 21 நாள். வேர் எட்டிப்பார்த்த விதைகளையெல்லாம் கணக்கில் சேர்க்கக் கூடாது. வேரும் குருத்தும் இரண்டும் ஒழுங்காக வளர்ந்து, செடியாகும் தகுதி தெரியும் நாற்றுகளை மட்டும் எண்ணுங்கள். வேர் முனை கருகியவை, குருத்து இல்லாதவை, முறுக்கி நிற்பவை ஆகியன முளைத்தவை அல்ல. நான்கு பங்குகளில் ஒன்றில் இருபத்து நான்கும் மற்றொன்றில் பதினான்கும் வந்தால், கலவை சரியில்லை அல்லது ஈரம் சீராக இல்லை என்று கொண்டு மறுபடியும் செய்துவிடுங்கள்.

பத்து விதைகளை வைத்துப் பார்த்தால் போதாதா?

விதை உயிரோடு இருக்கிறதா, அடியோடு செத்துவிட்டதா என்று அறியப் போதும். விதையளவைக் கணக்கிடப் போதாது. உண்மையில் 80 சதவீதம் முளைக்கும் மூட்டையிலிருந்து பத்து விதை எடுத்தால், தற்செயலாக ஆறு முளைக்கலாம், பத்தும் முளைக்கலாம். நூறு விதை எடுத்தால் விடை பெரும்பாலும் 72-க்கும் 88-க்கும் இடையில் விழும். சோதனைச் சாலைகள் நானூறு விதைகளை எடுத்துக்கொள்வது இதனால்தான். சிறு பொட்டலத்தில் ஐம்பது விதைதான் இருக்கிறது என்றால் இருபதைச் சோதனைக்குச் செலவிடலாம். முளைத்தவற்றை அப்படியே நாற்றங்காலில் ஊன்றிவிட்டால் எதுவும் வீணாகாது.

சோதனையில் 85 சதவீதம் முளைத்தது. அப்படியானால் கவலை இல்லைதானே?

எண்ணிக்கைக்கு அப்பால் வீரியம் என்ற ஒன்று இருக்கிறது. என் கருத்தில், பழைய விதையால் ஏற்படும் ஏமாற்றங்களில் பெரும்பகுதி இதைக் கவனிக்காததால் வருகிறது. முளைப்புச் சோதனையில் விதைக்கு எல்லா வசதியும் கிடைக்கிறது: சீரான ஈரம், இதமான வெப்பம், மேலே மண் பாரம் இல்லை, கிருமிகள் குறைவு. வயலில் மண் இறுகியிருக்கும், மழைக்குப் பின் குளிரும், பூஞ்சைகள் காத்திருக்கும். சோதனையில் முளைத்த நலிந்த விதை வயலில் மண்ணைப் பிளந்து வெளியே வருவதற்குள் களைத்துப்போய்விடும்.

இன்னொரு நுட்பமும் இதில் உண்டு. விதையின் முளைப்புத்திறன் ஆண்டுக்கு இவ்வளவு என்று சீராகக் குறைவதில்லை. நெடுங்காலம் 95 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். பிறகு மெல்ல 85-க்கு இறங்கும். அதற்குப் பின் செங்குத்தாகச் சரியும். எனவே முதலாண்டில் 85 காட்டிய விதையும், 96-இலிருந்து 85-க்கு இறங்கிய விதையும் ஒன்றல்ல. பின்னது சரிவின் விளிம்பில் நிற்கிறது. இந்தப் பருவத்தில் விதைத்துவிடலாம். அடுத்த பருவத்துக்கு வைத்திருப்பது வீண். பழைய சோதனை முடிவு கையில் இருந்தால் அதை இன்றைய எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இதனால்தான் முக்கியமாகிறது.

வீரியத்தை எளிதில் மதிப்பிட இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, இறுதி எண்ணிக்கையோடு நான்காம் அல்லது ஐந்தாம் நாள் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்வது. பெரும்பாலானவை ஒரே சமயத்தில் முளைத்தால் வீரியம் உள்ளது, நாள்தோறும் ஒன்றிரண்டாக இழுத்துக்கொண்டு முளைத்தால் நலிந்தது. இரண்டாவது, வழக்கமாக விதைக்கும் ஆழத்தில் மணலிலோ வயல் மண்ணிலோ நூறு விதையை ஊன்றி, வெளியே வருபவற்றை எண்ணுவது. தானிய விதைகளை மூன்று சென்டிமீட்டர் செங்கல் துகள் அடுக்கின் கீழ் முளைக்கவிட்டு வலுவை அளக்கும் முறையை 1911-ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியில் ஹில்ட்னர் வகுத்தார். காகிதச் சுருளில் 85-ம் மண்ணில் 60-ம் வந்தால், மண் சொல்வதையே நம்புங்கள்.

முளைப்பு குறைந்திருந்தால் விதையளவைக் கூட்டி ஈடுகட்டலாமா?

ஓரளவு வரை கட்டலாம். வழக்கமான விதையளவை வழக்கமான முளைப்பு சதவீதத்தால் பெருக்கி, இன்றைய சதவீதத்தால் வகுக்க வேண்டும். 90 சதவீத முளைப்புள்ள விதையில் 20 கிலோ தேவைப்படும் நிலத்துக்கு, 72 சதவீத விதையில் 25 கிலோ தேவை. இது நியாயமான கூட்டல். அதே விதை 45 சதவீதம் என்றால் கணக்கு 40 கிலோ என்று சொல்லும். ஆனால் அந்தக் கணக்கை நான் நம்ப மாட்டேன். அந்த நிலையில் முளைப்பவையும் நலிந்தவையாகவே இருக்கும். பயிர் சீரற்று எழும்பும். முன்னே வந்தவை பின்னே வந்தவற்றை அமுக்கும். இடைவெளிகளில் களை ஏறும். அறுவடையும் ஒரே நாளில் அமையாது. 60 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய விதையை வயலில் நேரடியாக விதைப்பதைத் தவிர்ப்பது நல்லது. நாற்று விட்டு நடும் பயிர்களில் நிலைமை சற்று இலகுவானது. நாற்றங்காலில் நெருக்கமாக விதைத்து, திடமான நாற்றுகளை மட்டும் பிடுங்கி நடலாம்.

ஒரு விதைகூட முளைக்கவில்லை. எல்லாம் செத்துவிட்டதா?

அவசரப்பட வேண்டாம். சோதனை முடிந்த பின் முளைக்காத விதைகளை விரலால் அழுத்திப் பாருங்கள். ஊறிக் குழைந்து, பூஞ்சணம் பிடித்து, நசுக்கினால் கூழாக வருபவை செத்தவை. நீர் குடித்து உப்பியிருந்தும் திடமாகவும் தூய்மையாகவும் இருப்பவை உறக்கத்தில் இருக்கலாம். நனைந்தும் உப்பாமல் கல்லாகவே கிடப்பவை கடினத்தோல் விதைகள். பயறு வகைகளிலும் வெண்டையிலும் இது இயல்பு. தோலை உப்புத்தாளில் இலேசாகத் தேய்த்துவிட்டால் அவை நீர் குடிக்கும்.

விதை உறக்கம் புதிதாக அறுவடையான விதையில்தான் மிகுதி. நெல்லின் பல இரகங்களும் நிலக்கடலையின் கொடி வகைகளும் அறுவடையான சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ முளைக்க மறுக்கும். அதனால் அறுவடை முடிந்த உடனே சோதித்தபோது குறைவாக முளைத்த விதை, சில மாதம் கழித்துக் கூடுதலாக முளைப்பதும் நடக்கும். நேரம் குறைவாக இருந்தால் விதைச் சோதனைச் சாலையில் டெட்ரசோலியம் சோதனை கேட்கலாம். ஊறிய விதையை வெட்டி டெட்ரசோலியம் என்ற வேதிப்பொருளின் கரைசலில் வைத்தால் உயிருள்ள திசுக்கள் சிவப்பாக மாறும், செத்தவை நிறமேறாமல் நிற்கும். முளைக்கும் வரை காத்திருக்காமல் ஓரிரு நாளில் விடை கிடைத்துவிடும்.

பொட்டலத்தில் அச்சிட்ட காலக்கெடு முடிந்துவிட்டது. தூக்கிப் போட்டுவிட வேண்டுமா?

அந்தத் தேதி வரை அறிவித்த முளைப்புத்திறனுக்கு விற்பனையாளர் பொறுப்பேற்கிறார் என்பதே அதன் பொருள். அதற்கு மறுநாள் விதை சாவதில்லை. அந்தத் தேதிக்கு முன்பே வெயிலில் கிடந்து செத்திருக்கவும் கூடும். பிரிக்காத உலோகத்தாள் உறையில் இருப்பதற்கும் பாதி பயன்படுத்தி மடித்து வைத்ததற்கும் பெரிய வேறுபாடு உண்டு. உறையைப் பிரித்த கணத்திலிருந்து விதை அறையின் ஈரத்தை உறிஞ்சத் தொடங்கிவிடுகிறது. களிமண் பூசி உருண்டையாக்கிய விதைகளும், முளைப்பை விரைவுபடுத்த முன்னரே ஊறவைத்து உலர்த்திய விதைகளும் வெற்று விதைகளைவிட விரைவில் கெடும். அவற்றை மீதம் வைக்காமல் வாங்குவதே மேல்.

மீந்திருப்பது வீரிய ஒட்டு விதை. அதை வைத்திருந்து விதைக்கலாமா?

பொட்டலத்தில் மீந்த விதையே என்றால் தாராளமாக விதைக்கலாம். வயது ஆவதால் அதன் ஒட்டுத் தன்மை மாறாது. அந்த விதையிலிருந்து வளர்ந்த பயிரில் எடுத்த விதை வேறு விஷயம். அது தாய்ச் செடியைப் போல் சீராக வராது.

பழைய விதையை ஊறவைத்தால் மீண்டும் வலுப்பெறுமா?

செத்த விதை எதனாலும் உயிர்பெறாது. நலிந்த விதைக்குச் சிறு உதவி கிடைக்கும். நெல், சோளம், காய்கறி விதைகளைச் சில மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தி உடனே விதைத்தால், விதை மண்ணுக்குள் போகும் முன்பே பழுதுபார்க்கும் வேலையைத் தொடங்கிவிடுகிறது. முளைப்பு சற்றுச் சீராகும். அப்படிச் செய்ததை மீண்டும் சேமிக்க முடியாது.

பயறு வகைகளிலும் சோயாவிலும் நிலக்கடலையிலும் இது எதிர்விளைவைத் தரலாம். எலும்பாகக் காய்ந்த பழைய பருப்பு திடீரென்று தண்ணீரில் விழுந்தால் நீரை வேகமாக உறிஞ்சி வித்திலைகள் (பருப்பின் இரு பாதிகள்) வெடித்து, உள்ளிருக்கும் சத்து வெளியே கசிந்துவிடும். அவற்றை ஈரத்துணியில் ஓரிரவு வைத்து மெல்ல ஈரமேற்றுவது பாதுகாப்பானது.

வண்டு துளைத்த விதையைப் பயன்படுத்தலாமா?

துளைத்த இடத்தைப் பொறுத்தது. கருவைத் தின்றிருந்தால் அந்த விதை முளைக்காது. வித்திலையை மட்டும் தின்றிருந்தால் முளைக்கும், ஆனால் நாற்று சவலையாக இருக்கும். துளையுள்ளவற்றைச் சலித்து நீக்கிவிட்டு மற்றவற்றைச் சோதியுங்கள். பயறு வண்டு விதைக்குள்ளேயே வளர்வதால், வெளியே துளை தெரியாத விதையிலும் புழு இருக்கலாம். நன்கு உலர்ந்த விதையை மூடிய கலனில் அடைத்து, உறைநிலைப் பெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் முட்டை முதல் வண்டு வரை எல்லாம் மடியும். உலராத விதையை அங்கே வைத்தால் உள்ளிருக்கும் ஈரம் உறைந்து கருவே பாழாகும்.

இந்தப் பருவத்திலும் மீதம் விழும். அதை எப்படி வைப்பது?

முதலில் உலர்த்துங்கள். நண்பகல் வெயிலில் தார்த்தளத்திலோ தகரத்திலோ காயப்போட வேண்டாம். 40 டிகிரியை வெகுவாகத் தாண்டும் சூடு கருவைச் சுடும். இளவெயிலும் காற்றோட்டமான நிழலும் போதும். சிறிதளவு விதைக்கு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகள் மிகவும் உதவும். ஈரத்தை அளக்கக் கருவி இல்லையென்றால், காய்ந்த கண்ணாடிப் புட்டியில் காய்ந்த உப்பையும் விதையையும் இட்டுச் சில நிமிடம் குலுக்குங்கள்; உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாததால் மட்டும் போதிய அளவு காய்ந்தது என்று ஆகாது. அதைக் குறைந்தபட்சத் தேர்வாக மட்டும் கொள்ளுங்கள்.

சாக்கில் வைப்பதற்குத் தானிய விதை 12 சதவீத ஈரத்தில் இருந்தால் போதும். காற்றுப் புகாத கலனில் அடைப்பதென்றால் 8 சதவீதம் அளவுக்கு உலர்ந்திருக்க வேண்டும். உலராத விதையைக் காற்றுப் புகாமல் அடைப்பது சாக்கில் திறந்து வைப்பதைவிடக் கேடு. விட்ட மூச்சின் ஈரமும் சூடும் உள்ளேயே தங்கி விதை வெந்துவிடும். குளிர்பதனப் பெட்டி சிறந்த இடமே, கலன் இறுக மூடப்பட்டிருக்கும் வரை. வெளியே எடுத்ததும் மூடியைத் திறக்காமல், கலன் அறை வெப்பத்துக்கு வரும் வரை விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் குளிர்ந்த விதையின் மேல் நீர் பூக்கும். பயிர், இரகம், அறுவடை செய்த ஆண்டு, சோதித்த தேதி, அன்றைய முளைப்பு சதவீதம் ஆகியவற்றை எழுதிக் கலனுக்குள் ஒரு சீட்டும் வெளியே ஒரு சீட்டும் வையுங்கள்.

மா, பலா போன்றவற்றின் விதைகளையும் இப்படி உலர்த்தி வைக்கலாமா?

கூடாது. மா, பலா, கோகோ, ரப்பர் போன்றவற்றின் விதைகள் உலர்ந்தால் செத்துவிடும் இயல்புடையவை. அவற்றைப் புதிதாகவே ஊன்ற வேண்டும்.

ஆயிரமாண்டு பழைய விதைகள்கூட முளைத்திருக்கும்போது, மூன்றாண்டு விதைக்கு இவ்வளவு ஐயம் ஏன்?

அந்தச் செய்திகள் உண்மைதான். இஸ்ரேலின் மசாதாக் கோட்டை அகழ்வில் கிடைத்த ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையான பேரீச்சை விதை ஒன்று 2005-இல் முளைக்க வைக்கப்பட்டது. சீனாவில் வறண்ட ஏரிப் படுகையில் கிடைத்த தாமரை விதைகள் ஆயிரமாண்டைத் தாண்டியவை. 1879-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் புட்டிகளில் புதைத்த விதைகளில் சில, 2021-இல் தோண்டி எடுத்தபோதும் முளைத்தன. ஆனால் கவனித்துப் பாருங்கள்: பேரீச்சை கிடந்தது கடும் வறட்சியில், தாமரைக்கு நீர் புகாத கல் போன்ற தோல், பீலின் புட்டியில் 142 ஆண்டு கழித்து எழுந்தது களைச்செடி இனம். நம் பயிர்களோ விதைத்தவுடன் ஒன்றாக முளைக்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்டவை. தவிரவும், ஒரு விதை முளைத்தாலே ஆய்வாளருக்கு வெற்றி. வயலுக்கு நூற்றில் எண்பது வேண்டும்.

சோதனையில் தேறாத விதையை என்ன செய்வது?

மருந்து கலந்து நேர்த்தி செய்யாத, பூஞ்சணம் பிடிக்காத விதையைக் கால்நடைத் தீவனமாக்கலாம். பூஞ்சணம் படிந்ததைத் தீவனத்தில் கலக்கக் கூடாது. அதில் பூஞ்சை நச்சு இருக்கக்கூடும். உரக்குழியில் இடலாம். பூச்சிக்கொல்லியோ பூஞ்சைக்கொல்லியோ கலந்து சாயமேற்றிய விதையை எவ்வளவு கழுவினாலும் மனிதர்க்கோ கால்நடைக்கோ பறவைக்கோ உணவாகக் கொடுக்கக் கூடாது. எரிக்கவும் ஓடையில் கொட்டவும் கூடாது. உறையில் அச்சிட்டுள்ள அப்புறப்படுத்தும் முறையைப் பின்பற்றுங்கள். உறை இல்லையென்றால் வேளாண் அலுவலரிடம் கேட்டு, அதுவரை குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் "நஞ்சு" என்று எழுதிப் பூட்டி வையுங்கள்.